புரை ‘வளர்ந்திருக்கு’ என்றால், எவ்வளவு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இலவச கண் முகாமுக்குப் போய் வந்தவர்களிடம் இரண்டு வாக்கியங்களை அடிக்கடி கேட்கலாம். ஒன்று, ‘இன்னும் முத்தலையாம்’. இன்னொன்று, ‘போன வருஷத்துக்கு இப்ப வளர்ந்திருக்காம்’. இதை நம்பித்தான் ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறார்கள்; புரையைக் கரைக்கும் என்று விற்கிற சொட்டு மருந்தை வாங்குகிறார்கள். சரி, வளர்ந்தது என்று எதை வைத்து அளந்தார்கள்? அந்த அளவுகோலைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஆராய்ச்சிகளில் அதிகம் புழங்குவது எல்.ஓ.சி.எஸ். என்ற முறை. மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைத்து, ஸ்லிட் லேம்ப்பில் லென்ஸைப் பார்த்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். புரையின் வகைகள் மூன்று. லென்ஸின் நடுவே மஞ்சளாகக் கலங்குவது நியூக்ளியர். ஓரத்திலிருந்து சைக்கிள் ஆரக்கால் மாதிரி உள்ளே வருவது கார்டிகல். பின்பக்க உறையை ஒட்டிப் படிவது பி.எஸ்.சி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண்.

இதன் இரண்டாம் பதிப்பு 1989-ல் வந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரே கண்ணைத் திரும்ப மதிப்பிட்டாலே 2 படி வரை வித்தியாசம் வரலாம். நாலைந்து படிதான் இருக்கிற ஏணியில் 2 படி! அதனால் 1993-ல் லியோ சைலாக் குழுவினர் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். படங்கள் கூடின, தசம மதிப்பெண் வந்தது. பிழை வரம்பு நியூக்ளியருக்கு 0.7, கார்டிகலுக்கு 0.5 என்று குறைந்தது. பி.எஸ்.சி.க்கு மட்டும் 1.0.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். வேகமாக வளரக்கூடியது பி.எஸ்.சி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், ஐம்பது வயதுக்குள்ளேயே வரக்கூடியது. அதை அளக்கும்போதுதான் அளவுகோல் அதிகமாக ஆடுகிறது.

அளவுகோல் ஆடினாலும் ஒரு கேள்விக்கு நல்ல பதில் வாங்க முடியும் என்பதற்கு மதுரைப் பக்கத்து ஆய்வு ஒன்று நல்ல உதாரணம். வைட்டமின் மாத்திரை புரையைத் தடுக்குமா என்று பார்க்க, கிராமங்களில் 35 முதல் 50 வயதுள்ள 798 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஏ, சி, ஈ. மறு பாதிக்கு வெற்று மாத்திரை. வாரம் மூன்று முறை, 5 வருஷம். வருஷா வருஷம் கண் பரிசோதனை. 2006-ல் முடிவு வெளியானது: இரண்டு குழுக்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

‘வித்தியாசம் இல்லை’ என்ற முடிவை நான் லேசில் நம்புவதில்லை. மொண்ணை அளவுகோலில் எதுவும் தெரியாமலே போகலாம் இல்லையா? ஆனால் இங்கே புரை வளர்ந்தது பதிவாகியிருக்கிறது. அளவுகோலுக்கு வளர்ச்சி தெரிந்திருக்கிறது, மாத்திரையின் பலன்தான் தெரியவில்லை. அதனால் இது உருப்படியான ‘இல்லை’. என் குறை ஒன்றுதான்: முதன்மை அளவாக எடுத்துக்கொண்டது நியூக்ளியர் கலங்கலை. அந்த வயதில் பிழைப்பைக் கெடுக்கும் பி.எஸ்.சி. இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டது.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை, 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்ட கிராமங்களிலும் பெரிய கிளாகோமா ஆய்வு நடத்தியது. அதில் லென்ஸை மதிப்பிட்டது அந்தப் பழைய இரண்டாம் பதிப்பில். ஆறு வருஷம் கழித்து அதே ஆட்களைத் திரும்பப் பார்த்தபோது, பார்வையைப் பாதிக்கும் அளவுக்குப் புரை புதிதாக வந்தவர்களை எண்ணினார்கள். 2 படி ஆடும் ஏணியை வைத்துக்கொண்டு, யார் எத்தனை படி ஏறினார் என்று கணக்குப் போடுவதைவிட இது நேர்மையான வழி.

இப்படிப்பட்ட எந்த ஆய்வுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. புரை வேகமாக வளர்ந்தவர் நடுவிலேயே ஆபரேஷன் செய்துகொள்வார். சொந்த லென்ஸ் போனபின் அளக்க என்ன இருக்கிறது? மிச்சமிருப்பவர்களை மட்டும் அளந்தால், புரை மெதுவாக வளர்கிற மாதிரி தெரியும்.

நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் இந்த ஆட்டமெல்லாம் ஓரளவு அடங்கிவிடும். ஒரே ஒரு ஆளுக்கு அடங்காது. முகாம் சீட்டில் ‘இம்மெச்சூர்’ என்று ஒரே வார்த்தை இருக்கும். அடுத்த வருஷம் வேறு டாக்டர், வேறு விளக்கு. போதாததற்கு நியூக்ளியர் புரை வளரும்போது கண்ணாடி பவரே மாறும். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப் பலகையைப் படித்தால், பார்வை இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

எழுத்துப் பலகை நேர்மாறாகவும் ஏமாற்றும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒருவருக்கு பி.எஸ்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான பரிசோதனை அறையில் பாப்பா விரிந்திருக்கும்; 6/9 வரிசையைப் படித்துவிடுவார். பட்டறை வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும், நடுவில் இருக்கிற புரை முழுசாக மறைக்கும். மைக்ரோமீட்டர் கோடு தெரியாது. சீட்டில் மட்டும் ‘இன்னும் முத்தலை’. இன்றைய ஆபரேஷனுக்குப் புரை முத்த வேண்டிய அவசியமே இல்லை. ரொம்ப முத்திவிட்டால்தான் சிரமம்.

அதனால் வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது பழைய சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள். எந்த வகைப் புரை, எந்த முறையில் என்ன மதிப்பெண் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்த வேலை எந்த வெளிச்சத்தில் முடியவில்லை என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மாதிரிப் படத்திலும் இல்லாத அளவு அது.