எளிமையாக்கமும் இளைய வாசகரும்: நார்வேயின் 2011 விவிலிய மொழிபெயர்ப்பை முன்வைத்து

சமயப் பிடிப்பு தளர்ந்துவரும் மேலைநாட்டுச் சமூகங்களில் இளைய தலைமுறையை விவிலியத்தின்பால் ஈர்க்க மேற்கொள்ளப்படும் முயற்சிகள் பெரும்பாலும் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றன. நூல் கடினமானது, ஆதலால் இளையோர் வாசிப்பதில்லை, எளிமையாக்கினால் வாசிப்பர் என்பதே அவ்வெடுகோள். நார்வேயில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த மொழிபெயர்ப்பு இதனை ஐயுற இடந்தருகிறது.

1816இல் தோன்றிய நார்வே விவிலியச் சங்கம் 1978இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு, மூலத்தின் சொல்லமைப்பைவிடக் கருத்துத் தெளிவிற்கு முதன்மை தந்தது. 2011 பதிப்போ எபிரேய, கிரேக்க மூலங்களை மேலும் நெருங்கிச் சென்றது. மூலமொழி வல்லுநரோடு படைப்பிலக்கியவாதிகளும் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். கார்ல் ஊவே க்னவுஸ்கோர், ஹன்னே ஓர்ஸ்தாவிக் ஆகிய புனைகதையாளர் அவருள் இருவர். க்னவுஸ்கோர் 2004இலேயே காயீன், ஆபேல் கதையையும் நோவாவின் வெள்ளத்தையும் மறுவாசிப்புச் செய்து நாவல் எழுதியவர். தொடரின் ஓசை, படிமத்தின் கூர்மை, சொல்லின் எடை ஆகியவற்றிற்கு அவர்களின் செவி பயன்பட்டது. புக்மோல், நீநோர்ஸ்க் எனும் இரு எழுத்து வழக்குகளிலும் நூல் வெளிவந்தது. ஏசாயா 7:14இல் முன்பு ‘கன்னி’ என நின்ற இடத்தில் ‘இளம்பெண்’ எனப் பொருள்படும் சொல் அமர்ந்தது. தமிழிலும் பழைய மொழிபெயர்ப்பின் ‘கன்னிகை’ 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘இளம்பெண்’ ஆகியிருத்தல் ஒப்பு நோக்கத்தக்கது.

சமய எல்லைக்கு அப்பாலிருந்து மொழித்திறன் வேண்டிப் பெறுதல் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் உறுதியான சைவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறிற்று. எனினும் திருச்சபை வழக்கில் நிலைபெறவில்லை. நிலைபெற்றது 1871இல் முழுமையாக வெளிவந்த பவரின் திருத்தப் பதிப்பே. நல்ல தமிழ் மட்டும் ஒரு நூலுக்கு வாசகரைத் தேடித் தந்துவிடாது என்பதை நார்வேயைப் பற்றிப் பேசும்போதும் மறத்தலாகாது.

2011இல் நார்வேயில் மிகுதியாக விற்ற நூல் இவ்விவிலியமே. 2013இல் ஓஸ்லோவின் ‘டெட் நோர்ஸ்கெ தியேட்டர்’ அரங்கு விவிலியத்தை ஏறத்தாழ ஆறு மணி நேர நாடகமாக மேடையேற்றியது. இவற்றைச் சுட்டிச் ‘சமய மறுமலர்ச்சி’ என முழங்குவோர் உளர். அஃது அவசர முடிவு. விற்பனை வேறு, வாசிப்பு வேறு. பதினான்கு, பதினைந்து வயதில் நிகழும் உறுதிப்பூசுதல் சடங்கிற்கு விவிலியத்தைப் பரிசளிக்கும் வழக்கம் அங்குண்டு. சமய நம்பிக்கையற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கென மனிதநேய அமைப்பு நடத்தும் மாற்றுச் சடங்கும் 1951 முதல் நடைபெற்று வருகிறது. (நம் வீடுகளில் பரிசாக வந்த திருக்குறள் உரைகள் அலமாரியில் எத்தனை ஆண்டு உறங்குகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.)

விற்பனையினும் ஆழமான சிக்கல் பள்ளியில் எழுந்தது. 1997இல் கிறித்தவத்தை முதன்மையாகக் கொண்ட பொதுச் சமயப் பாடம் நார்வேயில் கட்டாயமாக்கப்பட்டது. முழு விலக்குக் கோரிய பெற்றோரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் ஒன்பதிற்கு எட்டு என்ற வாக்கு வேறுபாட்டில் அரசிற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளே இவ்வாறு பிளவுண்டமை, அறிமுகப்படுத்துதலுக்கும் சமயம் புகட்டுதலுக்கும் இடைப்பட்ட கோடு எத்துணை மெல்லியது என்பதைக் காட்டுகிறது. இத்தீர்ப்பு வாசிப்பிற்குத் தடையன்று, துணையே என்பது என் துணிபு. மறுக்கும் உரிமையுடையவரே ஒரு நூலை உண்மையாக ஏற்கவும் இயலும்.

எளிமையாக்கத்தின் குறை இங்குதான் வெளிப்படுகிறது. தொடக்கநூல் 22இல் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடக் கத்தியை எடுக்கிறான். மூலம் அவன் மனநிலையைச் சொல்வதில்லை. மூன்று நாள் பயணம், விறகு, நெருப்பு, மகன் கேட்கும் ஒரு கேள்வி ஆகியவற்றையே சொல்கிறது. இம்மௌனமே வாசகரை உள்ளிழுக்கிறது. ‘இது நம்பிக்கைக்கான சோதனை’ என்று பக்கத்திலேயே விளக்கக் கட்டம் போட்டுவிட்டால் பதின்வயதினர்க்குக் கேட்பதற்கு எதுவும் எஞ்சாது. 1843இல் டென்மார்க்கின் கீர்க்கெகார் இவ்வொரு பகுதியை வைத்தே ஒரு நூல் எழுதினார். அவரை அதற்கு உந்தியது தெளிவன்று, திகைப்பே.

பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர் வரலாற்றை முதுகலை வகுப்பில் பயின்றபோது, சீராளனை அரியும் பகுதிக்கு வந்ததும் வகுப்பு அமைதியானது. பின்பு ஒரு மாணவி, “இதை எப்படி ஐயா பக்தி என்பது?” என்று கேட்டார். ஆசிரியர் உடனே விடை கூறவில்லை; அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். அந்த ஆண்டில் நாங்கள் பாடத்திட்டத்திற்கு அப்பால் சென்று படித்த பகுதிகள் அக்கேள்விக்குப் பின்னரே தொடங்கின.