அடுத்த நாவல் எது?

சுந்தர ராமசாமி எழுதிய நாவல்கள் மூன்றுதான். ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வர 1981 ஆயிற்று. ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1998இல் வெளியானது. முதல் நாவலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 15 ஆண்டுகள், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 17 ஆண்டுகள். அவரைப் போலவே நாகர்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று ‘வெண்முரசு’ தொடங்கி, 2020 ஜூலைக்குள் 26 நாவல்களாக அதை முடித்தார்.

வேகத்தில் இவ்வளவு விலகி நிற்கும் இருவரும் ஒரே கேள்வியைச் சந்தித்தவர்கள். ஒரு நாவலை முடித்த கையோடு அடுத்து எதை எழுதுவது? சிறுகதை தவறினால் ஒரு வாரம் போகும். நாவல் தவறினால் ஆயுளில் சில ஆண்டுகள் போய்விடும். ஆகவே கருவைத் தேர்வது நாவலாசிரியர் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது. முடிந்து கைக்கு வந்த நூலின் நடை, பாத்திரம், கட்டமைப்பு பற்றியெல்லாம் நம் விமர்சனம் விரிவாகப் பேசியிருக்கிறது. பல கருக்கள் காத்திருந்தபோது இந்தக் கரு ஏன் முந்தியது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. தமிழ் நாவலாசிரியர்கள் அடுத்த நூலுக்கு வந்துசேர்ந்த வழிகளைத் தொகுத்துப் பார்க்கும் முயற்சி இது.

பத்திரிகை இட்ட கெடு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ் நாவலின் காலக்கெடுவை வார, மாத இதழ்களே தீர்மானித்தன. கல்கி இதற்கு முதன்மையான உதாரணம். சொந்தப் பத்திரிகை 1941இல் தொடங்கியதும் ‘பார்த்திபன் கனவு’ அதில் தொடராக வந்தது. அந்தக் கதையில் நரசிம்மவர்மர் முதிர்ந்த மன்னர். போரையும் கலையையும் கடந்து வந்த அவருடைய இளமை அங்கே சொல்லப்படாமல் நின்றது. அடுத்த சரித்திரத் தொடரான ‘சிவகாமியின் சபதம்’ அந்த இளமைக்குள் நுழைந்தது. கதைக் காலத்தில் முந்தியது, எழுதிய வரிசையில் பிந்தியது. வாரந்தோறும் பக்கம் நிரப்பியாக வேண்டிய நெருக்கடி இருந்தும், கருவை அவருக்குக் கொடுத்தது முந்தைய நாவலே. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அதை மகள் ஆனந்தி முடித்தார். ஒரு தொடர் முடியுமுன்பே அடுத்ததைக் கேட்கும் உலகத்தில் அவர் கடைசி வரை வாழ்ந்தார்.

தொடர்கதை என்றாலே தரம் தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல் என்பதை நினைத்தால் அந்த எண்ணம் நிற்காது. கெடு கருவைக் கெடுப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே முதிர்ந்த கரு ஒன்று இருந்தால், கெடு அதை வெளியே கொண்டுவந்துவிடும். எதுவும் முதிராத நேரத்தில் வரும் கெடுதான் ஆளை விழுங்குகிறது.

வாழ்ந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே

சொந்த வாழ்க்கையைக் கருவாகக் கொள்பவர்களுக்குச் சிக்கல் வேறு. எதை எழுதுவது என்பதைவிட எப்போது எழுதுவது என்பதே அவர்களுக்குக் கடினம். அசோகமித்திரனை இங்கே கவனிக்க வேண்டும். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டார். அந்தத் திரையுலகைச் சொல்லும் ‘கரைந்த நிழல்கள்’ 1969இல் நூலானது. ஆனால் 1947, 48 ஆண்டுகளின் செகந்தராபாத்தை, நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில் தாம் கண்ட நகரத்தை, அவர் ‘18வது அட்சக்கோடு’ நாவலாக்கியது 1977இல்தான். ஒன்றுக்கு மூன்று ஆண்டுகள் போதுமாக இருந்தன. இன்னொன்றுக்கு முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. இளமையில் கண்ட கலவரத்தை அடுத்த ஆண்டே எழுதியிருந்தால் அதில் சந்திரசேகரன் என்ற பையனின் பதற்றம் மட்டுமே இருந்திருக்கும். அவனைச் சுற்றி ஒரு நாடு உருமாறியது பிடிபட்டிருக்காது.

ப. சிங்காரத்தின் தேர்வு இன்னும் பிடிவாதமானது. இளமையில் இந்தோனேசியாவுக்குப் போய், இரண்டாம் உலகப் போரின் நடுவே வாழ்ந்து, ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. பரிசுக்குப் பின் அவர் வேறு களத்தைத் தேடவில்லை. அதே போர், அதே தென்கிழக்காசியத் தமிழர் வாழ்க்கை ஆகியவற்றுக்கே திரும்பி, முதல் நாவலில் துணியாததை எல்லாம் துணிந்து ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதினார். அது 1972இல் வந்தது. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை. ஒரே களத்தை இரண்டாம் முறை எடுப்பவரைச் சரக்கு தீர்ந்தவர் என்று சொல்வோருக்கு இந்த நாவல் ஒன்றே போதுமான பதில்.

நாஞ்சில் நாடன் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) தொடங்கி ‘எட்டுத்திக்கும் மதயானை’ (1998) வரை ஆறு நாவல்கள் எழுதினார். பிறகு சிறுகதையையும் கட்டுரையையும் தம் வடிவமாக்கிக்கொண்டார். அடுத்த நாவல் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். அதை வீழ்ச்சியாகப் பார்க்க வேண்டியதில்லை.

களத்தைத் தேடிப் போனவர்கள்

கருவை முதலில் முடிவுசெய்து, பிறகு அங்கே போய்த் தங்கி எழுதும் முறையைத் தமிழில் தொழில்நேர்த்தியோடு செய்துகாட்டியவர் ராஜம் கிருஷ்ணன். நீலகிரிப் படகர்களுக்கு ‘குறிஞ்சித்தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்குக் ‘கரிப்பு மணிகள்’, மீனவர்களுக்கு ‘அலைவாய்க் கரையில்’, தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறார்களுக்குக் ‘கூட்டுக்குஞ்சுகள்’ என்று அவருடைய அடுத்த நாவல் பெரும்பாலும் அடுத்த ஊராக இருந்தது. இந்த முறையில் ஆபத்தும் உண்டு. தகவல் சேர்ந்த அளவுக்கு மனிதர் சேராமல் போகலாம். அவருடைய சில நாவல்களில் அந்தக் குறை தெரியவே செய்கிறது. ஆனாலும் உப்பளத்தில் நிற்கும் பெண்ணின் காலைப் பற்றித் தமிழ் வாசகருக்குக் கவலை வந்தது அவர் அந்த ஊரைத் தேர்ந்ததால்தான்.

பூமணி இதற்கு எதிர்த்திசையில் போனார். ‘பிறகு’ (1979), ‘வெக்கை’ (1982) இரண்டும் கரிசல் மண்ணின் சமகாலத்தைச் செறிவாகச் சொன்ன நாவல்கள். அதே மண்ணின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு, கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களுக்கு அவர் இறங்கிச் சென்ற ‘அஞ்ஞாடி’ 2012இல் வந்து, 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையின் நல்கை அந்த ஆய்வுக்குத் துணைநின்றது. சு. வெங்கடேசனும் ‘காவல் கோட்டம்’ நாவலுக்குச் சுமார் பத்து ஆண்டுகள் கொடுத்தார். இப்படிப்பட்ட கருவை எடுக்கும்போது எழுத்தாளர் தம் நடுவயதின் ஒரு பகுதியையே பணயம் வைக்கிறார். உதவித்தொகையோ குடும்பத்தின் பொறுமையோ இல்லாமல் அது நடப்பதில்லை.

முந்தைய நூல் விட்டுவைத்த கேள்வி

மேற்சொன்ன வழிகளைவிட வலுவானது ஒன்று உண்டு. எழுதிய நூலே அடுத்த நூலைக் கேட்பது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தபோது, கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமானவள் என்று ஏற்றுக்கொண்ட தாயைப் பலரால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாயிற்று. அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலின் நாயகி கங்காவை அவர் அத்தோடும் விடவில்லை. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று தொடர்ந்தார். யாழ்ப்பாணத்தின் கே. டானியலும் இப்படித்தான். ‘பஞ்சமர்’, ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’ என்று தீண்டாமை என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு காலங்களில் வைத்து வாழ்நாள் முழுக்கக் கேட்டார்.

நம் காலத்தில் இதைக் கடுமையாக அனுபவித்தவர் பெருமாள்முருகன். ‘மாதொருபாகன்’ (2010) முடியும் இடத்தில் நாயகன் காளி உயிரோடு இருப்பானா என்பது தெரியாது. இரண்டு கருக்களில் ஒன்றைத் தேர்வதற்குப் பதிலாக இரண்டையும் எழுதினார். ‘ஆலவாயன்’ அவன் இறந்துவிட்ட கதை, ‘அர்த்தநாரி’ அவன் பிழைத்த கதை. பிறகு ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்து வந்த நாவல் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருந்ததால் ஆட்டுக்கு வந்தேன் என்ற பொருளில் அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஒரு சமூகம் தன் எழுத்தாளரின் அடுத்த கருவைத் தீர்மானித்த கதை இது. அதே சமயம் ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் சிறுவர்களோடு மேட்டுக்காட்டில் அலைந்தவர் அவர். அச்சம் அவரைத் தள்ளிய இடம் அவருக்குப் பழக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அதனால்தான் ‘பூனாச்சி’ ஒளிந்துகொண்டவரின் எழுத்தாக இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது.

இன்றைய கெடு

வார இதழ்களின் பிடி தளர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது சென்னைப் புத்தகக் காட்சி வந்திருக்கிறது. ஜனவரிக்குள் நூல் வர வேண்டும் என்பதற்காகக் கருவைச் சுருக்குவதும், பரிசு வாங்கிய நாவலின் சாயலில் அடுத்ததைத் தேர்வதும், சரித்திரம் விற்கிறது என்று சரித்திரத்துக்கு ஓடுவதும் வெளிப்படையாகவே நடக்கின்றன. பதிப்பாளருக்கு வாடகையும் அச்சுக்கூலியும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே பார்த்த நாவல்களில் நிலைத்தவை எல்லாம் ஒன்றைச் சொல்கின்றன. அவற்றின் கரு எழுத்தாளரிடம் நெடுங்காலம் இருந்தது, அல்லது முந்தைய நூலில் தீராமல் நின்றது. வெளியிலிருந்து வந்த கெடு, பரிசு, கண்டனம் எதுவாக இருந்தாலும், உள்ளே அப்படி ஒன்று இருந்தபோது மட்டுமே அது நாவலுக்கு உதவியது.

ஆகவே அடுத்த நாவலைப் பற்றி யோசிக்கும் இளம் எழுத்தாளருக்கு இந்த வரலாறு தரும் அறிவுரை ஒன்றே. கைவசம் உள்ள கருக்களில் எது புதிது, எது விற்கும் என்று பார்க்க வேண்டாம். முந்தைய நூலில் எங்கே தப்பித்துக்கொண்டோம் என்று பாருங்கள். அடுத்த நாவல் அநேகமாக அங்கேதான் இருக்கிறது. பதிப்பாளர்களுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாவல் வெளியான மறுவாரமே அடுத்தது எப்போது என்று எழுத்தாளரைக் கேட்காதீர்கள். வந்த நாவலைப் பொறுமையாக வாசித்து, அதில் தீராமல் நிற்பது எது என்று அவரிடம் பேசுங்கள்.