விடைக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

“அவர் 1887-இல் ஈரோட்டில் பிறந்தார்.” இது உண்மையா, பொய்யா? ‘அவர்’ யாரென்று தெரியாமல் எப்படிச் சொல்வது? கணிதமேதை ராமானுஜன் என்று வைத்தால் உண்மை. பாரதியார் என்று வைத்தால் பொய். பெயர் வந்து உட்காரும் வரை அந்த வாக்கியம் திறந்தே கிடக்கிறது.

க + 7 = 12 என்பதும் இப்படி ஒரு திறந்த வாக்கியம்தான். ‘க’ என்ற மாறி, ‘அவர்’ போல ஒரு பிரதிப்பெயர். 5 வைத்தால் உண்மை. வேறு எதை வைத்தாலும் பொய். பள்ளியில் நம்மை இந்த இடத்தில் நிற்கவே விடவில்லை. எழுத்தைக் கண்டதும் ‘மதிப்பைக் கண்டுபிடி’ என்று விரட்டினார்கள். இயற்கணிதத்தின் ருசி அங்கேதான் தவறிப்போனது என்பது என் எண்ணம்.

சமக்குறியிலிருந்து தொடங்குவோம். 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கொடுங்கள். பல பிள்ளைகள் பெட்டியில் 12 போடுவார்கள். அவர்களுக்கு அந்தக் குறி, ‘விடையை இங்கே எழுது’ என்னும் கட்டளை. உண்மையில் அது தராசின் முள். இடத்தட்டில் 12 இருக்கிறது. வலத்தட்டிலும் 12 வர வேண்டுமானால் பெட்டிக்குள் 7. வேல்ஸில் பிறந்த ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தார். ‘இதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

இனி வாக்கியங்களின் குணத்தைப் பாருங்கள். க + 1 = க என்பதை எந்த எண்ணாலும் உண்மையாக்க முடியாது. க + 3 = 3 + க எந்த எண்ணை வைத்தாலும் உண்மை; இதற்கு முற்றொருமை என்று பெயர். க × க = 9 என்பதற்கோ 3, −3 என இரண்டு பேர் பொருந்துகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது, சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஆமெசு என்ற எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் படியெடுத்து வைத்த கணக்கு. ஓர் எண்ணும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, எண் எது? அதில் எக்ஸும் இல்லை, சமக்குறியும் இல்லை. முதலில் 7 என்று வைத்துப் பார்க்கிறார்கள். ஏழும் ஒன்றும் 8. வேண்டியதோ 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வரும்? இரண்டும் எட்டில் மூன்றும். ஏழையும் அதே மடங்காக்கினால் 16-உம் எட்டில் ஐந்தும். பொய்யென்று தெரிந்தே ஓர் எண்ணை உள்ளே வைத்து, அது எவ்வளவு பொய் என்று அளந்து, உண்மையைப் பிடித்துவிட்டார்கள்!

அதே சுருளில் அடுத்த கணக்கு: ஓர் எண்ணும் அதன் பாதியும் சேர்ந்தால் 16. நீங்கள் 2 என்று வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.