பரணுக்கும் தராசுக்கும் நடுவே

பழைய புத்தகம் தேடி அலைவதைப் பற்றித் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலோர் தேடிக் கண்டெடுத்தவர்கள். அதனால் கண்டெடுத்த மகிழ்ச்சியே அந்த எழுத்துகளில் நிறைந்திருக்கிறது. அரிய முதல் பதிப்பு நடைபாதையில் சொற்ப விலைக்குக் கிடைத்த கதையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அந்த நூல் எந்த வீட்டிலிருந்து வெளியேறியது, அதோடு சேர்ந்து மூட்டையில் கிளம்பிய மற்ற நூல்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது. பழைய புத்தகத்துக்கென்று பேர்பெற்ற சந்தை எதுவும் காஞ்சிபுரம் பக்கத்தில் வளரவில்லை. இங்கிருந்து நூல்கள் வெளியேறுகின்றன. கண்டெடுப்பது பெரும்பாலும் வேறு ஊரில் நடக்கிறது.

வெளியேறுவதற்கு இங்கே என்ன இருந்தது என்று கேட்கலாம். நிறையவே இருந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் (1891–1983) தம் வாழ்நாள் முழுவதும் வைணவ உரைகளையும் வடமொழி நூல்களையும் பதிப்பித்துக்கொண்டே இருந்தார். திவ்யப் பிரபந்தத்துக்கு அவர் எழுதிய உரை சிறு சிறு புத்தகங்களாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதே ஊரில், 1942-இல், அண்ணா ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். ஒரே ஊரின் அச்சுக்கூடங்களிலிருந்து ஆழ்வார்களுக்கு உரையும் வந்தது, அந்த மரபைக் கேள்வி கேட்ட இதழும் வந்தது. இரண்டையும் வாங்கி வைத்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தன. சன்னதித் தெருவின் பரணில் ஒன்று இருந்தால், தறிக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னொன்று இருந்தது. தமிழ்நாட்டின் 20-ஆம் நூற்றாண்டுச் சிந்தனை வரலாற்றில் பாதியை இந்த இரண்டு பெட்டிகளிலிருந்தே எழுதிவிடலாம்.

பெட்டியை வைத்திருந்தவர் காலமான பிறகு வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பழைய பேப்பர் வாங்குகிறவர் தராசோடு வருகிறார். செய்தித்தாளுக்கு ஒரு விலை, புத்தகத்துக்கு அதைவிடக் குறைந்த ஒரு விலை. அட்டை கெட்டியாக இருந்தால் அதைக் கிழித்துத் தள்ளிவிட்டு எடை போடுவதும் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாங்குவது காகிதம். அதில் ஏதோ ஒன்று விலைபோகும் என்று தெரிந்த கடைக்காரர் சில நூல்களை ஒதுக்கி வைப்பார். அவை கைமாறிக் கைமாறிச் சென்னை நடைபாதைக்குப் போகும். மற்றவை கூழாகும். நாம் கொண்டாடுகிற பழைய புத்தகக் கடை இந்தச் சல்லடையில் தங்கியது மட்டும்தான்.

அப்படித் தங்கியதே பெரிய காரியம் என்பதை மறுக்க முடியாது. இந்த வணிகத்தின் முதல் வலிமை இதுதான்: நூலகங்கள் செய்யத் தவறிய பாதுகாப்பை இது தெரிந்தோ தெரியாமலோ செய்திருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அவருக்குத் தொற்றிக்கொண்ட ஆர்வம், அச்சான தமிழ்த் தாள் எதையும் விடாமல் சேர்க்கும் வாழ்நாள் பணியானது. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று எந்த நூலகமும் அன்று சீந்தாதவற்றையும் அவர் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே வைத்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராயும் எவரும் அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது. புதுக்கோட்டையின் ஞானாலயா நூலகமும் இப்படித் தனி ஒரு குடும்பத்தின் உழைப்பில் எழுந்ததே. நடைபாதை வியாபாரி இல்லாமல் இவை இல்லை.

இரண்டாவது வலிமை, மறுபதிப்பு தர முடியாததைப் பழைய பிரதி தருகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் இருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களோடு அதைப் பார்த்த வாசகரின் அனுபவம் இன்றைய மலிவுப் பதிப்பில் கிடைக்காது. பைண்டு செய்த அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் அன்றைய விளம்பரங்கள் இருக்கின்றன. ஓரத்தில் யாரோ ஒரு பெண் தன் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறாள். யார் எதை எப்போது படித்தார்கள் என்பதற்கு இவற்றைவிட நேரடிச் சான்று கிடையாது.

மூன்றாவது வலிமை வெளிப்படையானது, விலை. தறிக் கூலியில் நடக்கும் குடும்பத்தில் ஐந்நூறு ரூபாய் நாவல் என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. அதே நூல் பாதி விலைக்கோ கால் விலைக்கோ வந்தால், பிடிக்காமல் போனாலும் நஷ்டமில்லை என்ற துணிச்சல் பிறக்கிறது. அந்தத் துணிச்சலில்தான் வாசகன் தனக்குப் பழக்கமான எழுத்தைத் தாண்டிப் போகிறான். பாடத்திட்டமும் பரிந்துரைப் பட்டியலும் தராத இந்தச் சுதந்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனிக் குறைகள். பழைய புத்தகம் கிடைப்பது தற்செயல், ஆனால் அந்தத் தற்செயல் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போனது. அதற்குப் பிறகும் அல்லிக்குளம், திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் முனை என்று சென்னையிலேயே இந்த வணிகம் தங்கியது. கையில் நேரமும், வெயிலில் குந்தி உட்கார்ந்து மணிக்கணக்கில் புரட்டும் வசதியும் இருப்பவருக்கு அது சொர்க்கம். ஓரிக்கையிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் பேருந்தில் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடியவர் யார்? தறியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பெண்ணால் சொல்ல முடியாது. நடைபாதையில் நின்று தேடும் கூட்டத்தில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆர்வமின்மை காரணமல்ல. காஞ்சியின் தெருவில் வெளியேறிய நூலைக் காஞ்சிக்காரரே பணமும் பொழுதும் செலவழித்துச் சென்னையில் தேட வேண்டியிருப்பது அநியாயம்.

அடுத்து, எல்லாப் பழைய புத்தகமும் ஒன்றுபோலப் பழையதாவதில்லை. உரைநூலும் நாவலும் காலத்தைத் தாங்கும். போட்டித் தேர்வுக் கையேடு தாங்காது. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களே இன்று பழைய புத்தகக் கடையின் முக்கிய வாடிக்கையாளர்கள். அவர்கள் பழைய சமச்சீர்ப் பாடநூல்களைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. 2018 முதல் புதிய பாடத்திட்டம் வந்தாலும், பழைய நூல்களில் உள்ள அடிப்படைப் பாடங்கள் பயன்படத்தான் செய்கின்றன. ஆனால் மலிவாகக் கிடைத்த பழைய பொது அறிவுக் கையேடு தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்றே சொல்லும், இன்று 38. மாமல்லபுரத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காட்டும். 2019-இல் செங்கல்பட்டு பிரிந்தபோது அது அங்கே போய்விட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களைக் கொடுக்கும். 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. இருபது ரூபாய் மிச்சம் பிடித்த மாணவர் ஓராண்டு உழைப்பை இழக்க இது போதும். விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் பதிப்பு ஆண்டைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது குறையைப் பற்றி வாசகர்கள் பேசத் தயங்குகிறோம். பழைய புத்தகம் எத்தனை முறை கைமாறினாலும் எழுதியவருக்கு ஒரு காசும் வராது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பிரதிகளை வெளியிடும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளை அந்த உரிமையிலிருந்து விலக்கியும் விடுகிறது. சட்டம் சரியானதே, வாங்கிய பொருளை விற்கும் உரிமை வாங்கியவருக்கு இருக்க வேண்டும். பிரிட்டனில் பொது நூலகம் இரவல் தரும் நூலுக்கு ஆசிரியருக்குச் சிறு தொகை தரும் ஏற்பாடு 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இந்தியாவில் அப்படி ஏதும் இல்லை. ஆயிரம் பிரதி அச்சிட்டாலே பெரிது என்றிருக்கும் தமிழ்ப் பதிப்புச் சூழலில், உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் புதுநூலைப் பழைய கடைக்கு வரும்வரை காத்திருந்து வாங்குவது அவரது அடுத்த நூலைத் தாமதப்படுத்தும். இதைவிட மோசம், அதே நடைபாதையில் பழைய நூல்களோடு கலந்து விற்கப்படும் திருட்டுப் பதிப்பு. அதை மலிவு என்று வாங்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இலவச நூலிலும் இதேபோல நிறையும் குறையும் உண்டு. மதுரைத் திட்டம் 1998 முதலும், ஈழத்து நூலகம் திட்டம் 2005 முதலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பின்னரும் ஆயிரக்கணக்கான நூல்களை விலையின்றித் தருகின்றன. அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. எவரும் பதிப்பிக்கலாம், படிக்கலாம். கொடுப்பவர் யோசித்துக் கொடுக்கும் இலவசம் இது. சிறைவாசிகளுக்காக நூல்களைத் திரட்ட 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கை அமைத்தது. யாருக்கு, எதற்கு என்பது தெளிவாக இருந்ததால் அதுவும் பொருள்பட்டது. ஆனால் பெறுபவர் யார் என்று நினைக்காமல் கழித்துக் கட்டும் ‘நன்கொடை’யும் ஏராளம். காலாவதியான கையேடு, அட்டையில்லாத டைரி, ஒரே நிறுவன மலரின் பத்துப் பிரதி ஆகியவை பள்ளி நூலக அலமாரியை அடைத்துக்கொள்கின்றன. பரணில் கிடந்த குப்பை பள்ளிக்கு மாறியதைத் தானம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் குறைகளுக்காகப் பழைய புத்தக வணிகத்தைக் குற்றம் சொல்வது பிழை. அது சுமக்கும் பாரம் நூலகங்கள் சுமக்க வேண்டியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில், 1948-இல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் அதற்காக உழைத்தார். மன்னார்குடியில் 1931-இல் மாட்டு வண்டியிலேயே நூலகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன மண் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். அப்படியிருக்க, இறந்தவர் வீட்டு நூல்கள் தராசில் ஏறுவதற்கு முன் வந்து பார்க்க ஓர் ஆள் இல்லை என்பது வணிகத்தின் தோல்வி ஆகாது.

எடைக்குப் போடுமுன் சோதித்துப் பார்க்கும் அறிவு பழைய பட்டுப் புடவை விஷயத்தில் இந்த ஊருக்கு இருக்கிறது. நைந்துபோன புடவையைக் காஞ்சியில் யாரும் துணி எடைக்குப் போடுவதில்லை; ஜரிகையைச் சோதித்து, வெள்ளி எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். புத்தகத்துக்குத் தேவை அப்படிச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த கண். அதைப் பழக்குவது கடினமில்லை. பதிப்பு ஆண்டு, பதிப்பித்த ஊர், உள்ளூர் அச்சகத்தின் பெயர், பைண்டு செய்த இதழா, ஓரக்குறிப்பு உண்டா என்ற ஐந்தைப் பார்க்கச் சொன்னால் கல்லூரி மாணவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்.

அமைப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நூலகத்திலிருந்து வீடுகளுக்கு நூல் கொண்டுபோக 2022-இல் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் வந்தது. அதே தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து நூலகத்துக்கு நூல் கொண்டுவரலாம். மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அதில் ஓர் அரங்கை உள்ளூர்ப் பழைய நூல்களுக்கு ஒதுக்கலாம். காஞ்சி அச்சகங்களில் பிறந்தவை மாவட்ட மைய நூலகத்தில் தனிப் பிரிவாகட்டும். இரண்டாம் பிரதிகள் உள்ளூரிலேயே நியாயமான விலைக்கு விற்கப்படட்டும். மிச்சம் மட்டும் எடைக்குப் போகட்டும். பேப்பர் கடைக்காரரையும் இதில் சேர்க்க வேண்டும். நூலாகத் தேறும் பிரதிக்குக் காகித விலையைவிடச் சற்று அதிகம் கிடைக்கும் என்றால் அவரே முதல் காவலர் ஆவார்.

வாசகரின் பங்கும் உண்டு. மறைந்தவரின் நூலையும் மறுபதிப்பு இல்லாத நூலையும் பழையதில் தேடுங்கள். அது தமிழுக்குச் செய்யும் தொண்டு. வாழும் எழுத்தாளரின் நூலை முடிந்தவரை புதிதாக வாங்குங்கள்; முடியாவிட்டால் நூலகத்தை வாங்கச் சொல்லிக் கேளுங்கள். தேர்வுக் கையேட்டில் பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். உங்கள் அலமாரியில் இருப்பவை உங்களுக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்று இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். பழைய புத்தகம் தேடும் பழக்கம் முழுமை பெற, தேடி எடுக்கும் ஆசையோடு ஒப்படைக்கும் பொறுப்பும் சேர வேண்டும். இதுவரை முதலாவதை மட்டுமே நாம் பாராட்டி வந்திருக்கிறோம். இரண்டாவது இல்லாததால்தான் ஓரிக்கையின் பரண்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன.