மெய்ப்படையும் விளையாட்டுப் படையும்

படைக்கலத்தின் தோற்றத்தைக் காண்பது வேறு, அதன் தொழிலை அறிவது வேறு என்பதனை நயம்பட உணர்த்தியவர் ஔவையார். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல்மனையில் வைக்கப்பட்ட தொண்டைமானின் படைகளையும், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடந்த அதியமானின் வேல்களையும் அவர் ஒப்பிட்ட திறத்தைப் புறநானூற்று 95ஆம் பாட்டிற் காண்கின்றோம். இக்காலக் கணினி விளையாட்டுகளை மதிப்பிடுதற்கும் அவ்வொப்பீடு தக்க உரைகல்லாகும்.

'வேர்ல்ட் ஒவ் வார்ஷிப்ஸ்' என்னும் கடற்போர் விளையாட்டிலே 'ஹேர்மீஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இடம்பெறுகின்றது. அதனைத் திரையிற் செலுத்தி மகிழும் நம் மாணாக்கருட் பலர், அக்கப்பல் நமது துறைமுகத்தினின்று புறப்பட்டே அழிந்ததென்பதை அறியார்.

விளையாட்டின் சிறப்பை முதலிற் கூறுதல் நேர்மையாகும். 1924இற் சேவையிற் சேர்ந்த ஹேர்மீஸ், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல். அதன் நீண்ட மேற்றளமும் ஒரு பக்கத்தே உயர்ந்த கோபுரமும் திரையில் உழைப்போடு தீட்டப்பட்டுள்ளன.

குறை தொடங்குமிடம் விமானம். விளையாட்டிலே வீழ்ந்த விமானங்களுக்கு ஈடாகச் சிறிது நேரத்திற் புதியன தாமே ஆயத்தமாகின்றன. 1942ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறு. யப்பானியத் தாக்குதல் நெருங்குகின்றதென்ற எச்சரிக்கை கிடைத்ததும், ஹேர்மீஸ் தன் விமானங்களைக் கரையிலே விட்டு, ஏப்பிரில் 8ஆம் திகதி இரவு வெளியேறியது. மறுநாட் காலை திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. திரும்பி வந்துகொண்டிருந்த கப்பலை யப்பானியர் மட்டக்களப்புக் கடலிற் கண்டு தாக்கினர். அதன் 5.5 அங்குலப் பீரங்கிகள் ஆறும் கப்பல்களை எதிர்ப்பதற்கு அமைந்தவை. 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளோ மூன்றே. காவலுக்கு அனுப்பப்பட்ட போர்விமானங்கள் வந்தடைந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. மாண்டோர் 307 பேர். எஞ்சியோரிற் பெரும்பாலாரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

ஆகவே, படைக்கலத்தின் வலிமை இரும்பில் மட்டும் இல்லை. காலம், செய்தி, துணை என்னும் மூன்றிலும் தங்கியுள்ளது. இம்மூன்றின் கொடுமையையும் விளையாட்டு நீக்கிவிடுகின்றது. நீக்காவிடின் அது விளையாட்டாகாதே என்பர் சிலர். உண்மையே, விமானமின்றி நடுக்கடலில் நிற்றலை எவர் விரும்பி ஆடுவர்? ஆடுதல் பிழையன்று, ஆடியதனையே போரறிவு எனக் கொள்ளுதல் பிழை. திரையிலே தோற்றவன் மீண்டும் பொத்தானை அழுத்துகின்றான். கல்லடிக்கு அப்பால், 50 மீற்றருக்குங் கீழே கிடக்கும் கப்பலுக்கு மறு ஆட்டம் இல்லை.

தொண்டைமானின் படைகள் அழகியவை. ஆயினும் போரை அறிய விரும்புவோன் கொல்லன் பட்டறைக்குச் செல்லல் வேண்டும். நமக்கு அப்பட்டறை தொலைவில் இல்லை. மாணாக்கர் ஆடுக, ஆடிய பின், நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை சென்று, அங்குள்ள பெயர்களையும் வயதுகளையும் படிக்க.