கூலிக்கு வேர் எங்கே?

நல்லதண்ணி என்ற பெயருக்கு அகராதி வேண்டாம். இலங்கையின் சிவனொளிபாத மலையடியில் இருக்கும் அந்த ஊரின் பெயர் சிங்களத்தில் ‘நல்லதன்னிய’ ஆன பிறகும் தமிழ் வேர் தெரிகிறது. ஆனால் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டத்து மக்கள்மேல் ஒட்டவைக்கப்பட்ட ‘கூலி’ என்ற சொல்லின் பிறப்பில்தான் வழக்கு.

தமிழில் கூலி என்றால் ஊதியம். திருக்குறளிலேயே அப்படித்தான் வருகிறது. ஆங்கிலத்தார் ஆளைக் குறிக்கச் சொன்ன ‘கூலி’ இதிலிருந்தே பிறந்தது என்பது ஒரு கட்சி. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியோ குஜராத்தின் ‘கோலி’ சமூகத்தின் பெயரை மூலமாகக் காட்டியது.

ஒலி ஒத்தால் மட்டும் போதாது. பொருளும் பயணித்த பாதையும் பொருந்தவேண்டும் என்பதே வேர்ச்சொல் ஆய்வின் பலம். இல்லாவிட்டால் தோட்டத்து ‘லயம்’ சங்கீத லயத்துக்கு உறவாகிவிடும்; அது ஆங்கில ‘லைன்’. காலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பிரட்டு’ புரட்டலோடு சேர்ந்துவிடும், அது ‘பரேட்’. கிரேக்க ‘ஒரூசா’வுக்குத் தமிழ் ‘அரிசி’யைத் தாயாக்கிய கால்டுவெல்லின் கருத்தும் இந்தச் சோதனையில்தான் தளர்ந்தது. அச்சொல் ஈரானிய மொழிகள் வழியே போனது என்பதே இன்று வலுவான கருத்து.

இதே உரைகல்லில் கூலியை உரசினால், ‘ஊ’ என்ற உயிரொலி தமிழின் பக்கம் நிற்கிறது. ஆளைக் குறிக்கும் பொருள் கோலியின் பக்கம் சாய்கிறது. நாம் ஆளைச் சொல்லக் ‘கூலியாள்’, ‘கூலிக்காரர்’ என்று நீட்டுகிறோமே! போர்த்துக்கேயக் கப்பல்கள் குஜராத், தமிழ்க் கரைகள் இரண்டையும் தொட்டவை. இரண்டு சொற்களும் ஒன்றில் கலந்திருக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரே தாய் என்று பிடிவாதம் பிடிப்பது இந்த ஆய்வின் முதல் குறை.

ஏட்டை நம்பி, பேசுகிறவர் வாயைக் கேளாதது அடுத்த குறை. ஊதியத்தின் பெயர் ஆளுக்கு ஆகுமா என்று ஐயப்படுகிறவர் தோட்டத்துக்கு வரட்டும். அங்கே நாள் சம்பளம் ‘பேர்’. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஆளின் பெயரே சம்பளமாகியிருக்கிறது. இது கூலியின் பிறப்புக்குச் சான்றாகாது. ஆனால் ஆளும் சம்பளமும் ஒரே சொல்லில் அடங்கிப்போகும் வழி, கணக்குப் புத்தகத்தில் தன் பேர் பாதியாவதைப் பார்த்தவருக்குத் தெரியும்.