கானகத்தில் அழுத கருணையன்

சாரல் காலம் தொடங்கிவிட்டால் நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு குற்றாலத்துக்கு வேன் புறப்படுவது வழக்கம். அருவியும் மரநிழலும் களைத்தோர்க்கு இறைவன் ஈந்தவை; அவற்றை நாடுவோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் இயற்கையிடம் எதை நாடிச் செல்கிறோம் என்ற வினா, தேம்பாவணியைப் பயிலும்போது எழாமல் இருப்பதில்லை.

இத்தாலியில் பிறந்து, காமநாயக்கன்பட்டியில் பணியாற்றி, சிறைப்பட்டு மீண்ட வீரமாமுனிவரின் காப்பியம் அது. 36 படலம், 3615 பாடல். நாட்டுப் படலத்தை மட்டும் படிப்போர்க்கு அவர் இயற்கையை அணிகலனாகவே கொண்டார் என்று தோன்றும். யூதேயாவின் வறண்ட குன்றுகள் அங்கே நம் மருதநிலமாகிவிடுகின்றன. இரண்டாம் காண்டத்து வாமன் ஆட்சிப் படலமோ வேறு வகையானது. கருணையன், அதாவது நம் முன்னோர் அருளப்பர் என வழங்கிய திருமுழுக்கு யோவான், தாய் எலிசபெத்தோடு கானகத்தில் வாழ்கிறான். தாய் இறக்கிறாள். மலர்ப்படுக்கை பரப்பி, உடலை அடக்கம் செய்து, பூவோடு கண்ணீரும் சொரிகிறான். விவிலியத்தில் இல்லாத காட்சி இது.

அப்புலம்பலில் அவன் அடுக்குவது தனக்குத் தெரியாதவற்றை. காயும் கனியும் கிழங்கும் தேடத் தெரியாது. காட்டுவழி செல்லத் தெரியாது. பின்னர் மரமும் சுனையும் பறவையும் வண்டும் அவனோடு சேர்ந்து அழுகின்றன. இறுதிப் பகுதியைப் போற்றுவோர் பலர். அது தமிழ்ச் செய்யுள் மரபின் அழகே. எனினும் மரங்கள் அழுததைக் காட்டிலும், கிழங்கு தேடத் தெரியாத பிள்ளையின் அச்சமே நம்மை உலுக்குகிறது. காடு அவனுக்கு விடுமுறை இல்லமன்று. தாயின்றி வாழப் பழக வேண்டிய இடம்.

அந்த யோவான் பின்னாளில் ஏரோதால் கொல்லப்பட்டதைக் கேள்வியுற்றதும் இயேசு படகேறித் தனிமையான இடத்துக்குச் சென்றார் என்கிறது மத்தேயு 14. மாற்கு 6-ஆம் அதிகாரத்திலும், யோவானின் உடல் அடக்கம் செய்யப்பட்ட செய்தியை அடுத்தே, பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களை ஆண்டவர் ஓய்வுக்கு அழைக்கிறார். மறையுரைகளில் களைப்பு பேசப்படும். அருகிலுள்ள அக்கல்லறை விடுபட்டுப்போகும். (மக்கள் கரைவழியே முந்தி ஓடிவிட்டதால் அவர்களுக்கு வாய்த்த ஓய்வு படகில் சென்ற நேரமே.)

நம் ஊர்களில் துக்கம் நிகழ்ந்த வீட்டாரை ஓராண்டுவரை இன்பச் சுற்றுலாவுக்கு அழைப்பதில்லை. அதனை மரியாதை என்றே கருதுகிறோம். அந்தப் படகில் ஏறியவரோ துக்கம் சுமந்தவர். பாபநாசப் படித்துறையில் ஆடி அமாவாசையன்று நீத்தார்க்கு நீர்க்கடன் செய்வோர் ஒரு படியிலும், பொழுதுபோக்காக நீராட வந்தோர் அடுத்த படியிலும் நிற்பதைக் காணலாம். நம் வேன்களில் அத்தகைய அடுத்த படி இல்லை.

கருணையன் புலம்பல் 2019 முதல் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. அச்சில பாடல்களோடு நின்றுவிடாமல் அப்படலம் முழுவதையும் படித்தல் நன்று. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளை வீட்டில் இருப்பின், உரக்கப் பாடச் சொல்லிப் பெரியோர் அருகிலிருந்து கேட்கலாம்.